இருபது மீற்றர்

பிராண்டே,
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நித்தியானந்தன் எழுதுவது. நானும் சுஜீதாவும் பெரிதாகக் குறை சொல்ல எதுவுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி? அத்தானுக்குக் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தூரத்தில் உள்ளது தெரிகிறதா?

நாமிருவரும் ரெலிபோனில் ஒரே நேரத்தில் கதைத்து ஒரே நேரத்தில் கோபிக்கிறோம் என்று உங்கள் மகள் சாரங்கி கண்டுபிடித்த பிறகு, இந்தக் கடித ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்க முடியாது. அந்தத் துணிவில்தான் சொல்கிறேன்: எனக்கு வேட்டை அனுமதிப் பத்திரம் கிடைத்துவிட்டது.

கோபிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். எழுத்துப் பரீட்சையில் ஒரு கேள்விதான் பிழை. அது வாத்தைப் பற்றியது.

காற்றாலை இறக்கைத் தொழிற்சாலையில் என்னுடன் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து, ஊருக்குக் கிழக்கே ஒரு காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக நான் அவர்களுக்காகத் தடியால் மரத்தில் தட்டி மிருகம் கலைத்தேன். இப்போது ஹோல்கர் என்பவரின் முழங்கால் அவருக்கு முன்னே ஓய்வு பெற்றுவிட்டதால் ஓரிடம் காலி. இந்தப் பருவம் முழுவதும் நான் துவக்குடன் விருந்தாளி. பெப்ரவரியில் மற்ற ஒன்பது பேரும் வாக்களிப்பார்கள். ஒரு கை எழும்பாவிட்டாலும் இல்லை. ஒன்பதும் எழும்பினால் நான் உறுப்பினன், ஒவ்வொரு ஒக்டோபரும் அவர்களுடன் சுவீடன் காட்டுக்கு ஒரு கிழமை வேட்டை லீவில் போகலாம்.

அக்கா, இருபத்தொன்பது வருடத்தில் இந்த ஊர்க்காரர் என்னை வேலைக்கு அழைத்திருக்கிறார்கள், பிறந்தநாளுக்கு அழைத்திருக்கிறார்கள். தங்கள் லீவுக்கு ஒருவரும் அழைத்ததில்லை. டெனிஷ்காரரின் நாட்டுக்குள் வருவதைவிட அவர்களுடைய லீவுக்குள் போவது கடினம். போனால் நான்தான் முதல் தமிழன்.

வேட்டைக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்துடன் முடிக்கிறேன்: முறிக, உடைக.

உங்கள் தம்பி,
நித்தி


இஷொய்,
2 செப்டெம்பர் 2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். சுஜீதாவுக்கு என் அன்பைச் சொல், உன்னோடு இருப்பதற்கு என் அனுதாபத்தையும் சொல்.

அத்தானுக்குத் தூரத்திலுள்ளது நன்றாகத் தெரிகிறது. ஆகவே உன் கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். “கோயில் நிர்வாகசபையில இருக்கிறவன்ரை மச்சான் கொலைகாரனாப் போனான்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஒரு கேள்விதான் பிழையாமோ?” என்றும் கேட்டார்.

நீ ஐம்பத்தாறு வயதுவரை வெள்ளிக்கிழமைகளில் முட்டை வைத்த கேக்கைக்கூடத் தொடாதவன். மான் வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்வாய் என்று அந்தப் பரீட்சையில் கேட்டார்களா?

சரி, உன் பாவம் உன்னோடு. எனக்கு ஒரு உதவி செய். சாரங்கி உன் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கிறாள். காட்டுத் துறையில் படித்து, காட்டிலேயே வேலை எடுத்து, காட்டோரத்திலேயே வாடகைக்கு வீடும் எடுத்திருக்கிறாள். இங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் மரங்களுக்கு டொக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காடு பராமரிக்கிறாள் என்று உண்மையைச் சொன்னால் வேலி அடிக்கிறவள் என்று நினைக்கிறார்கள். பிள்ளை தனிய இருக்கிறாள். ஒருக்கால் போய்ப் பார்த்து எழுது.

கடித முடிவில் முறிக உடைக என்று எனக்கு எழுதாதே. எனக்கு ஏற்கெனவே எலும்புத் தேய்வு.

அக்கா,
பவளராணி


பிராண்டே,
20 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே. உங்கள் எலும்பு அப்படியே நிலைக்கட்டும்.

வேட்டை எப்போதும் சனிக்கிழமை. டெனிஷ் மான்கள் விரதத்துக்கு இடைஞ்சல் தருவதில்லை.

காடு என்றதும் நீங்கள் வன்னியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். இந்த நாட்டுக் காடு அப்படியல்ல. நூற்றைம்பது வருடத்துக்கு முன் வெறும் மணல்வெளியாகக் கிடந்த இடத்தில் நூல் பிடித்து நட்ட ஊசியிலை மரங்கள். இப்போதும் வரிசை குலையாமல், வங்கியில் நிற்கிற சனம்போல் நிற்கின்றன. எங்கள் தலைவர் பிரெபென் இதை உலகத்தின் பெரிய காடுகளில் ஒன்று என்று நம்புகிறார். ஒரு முனையில் நின்றால் மறு முனையில் போகிற பஸ் தெரியும். ஆனால் நட்டவர்களின் பெருமை எனக்கு விளங்குகிறது. தானாக முளைத்ததற்கு யார் பெருமைப்பட முடியும்?

இந்தப் பஞ்சுமெத்தைக் காட்டுக்குள் எங்கள் குழுவுக்கு எட்டுப் பக்கத்தில் விதிகள் இருக்கின்றன. முதலாவது விதி, இருபது மீற்றருக்கு அப்பால் நிற்கிற மானுக்குச் சுடக்கூடாது. அதற்கு மேல் போனால் துவக்கின் சிறு குண்டுகள் சிதறிவிடும். மான் சாகாது, காயப்படும்.

சாரங்கியைப் பார்த்தேன். நல்ல நிறமாக இருக்கிறாள். அவள் தனியே இருக்கிறாள் என்று நீங்கள் இனிக் கவலைப்படத் தேவையில்லை.

தம்பி,
நித்தி


இஷொய்,
26 செப்டெம்பர் 2024

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கடைசி வரிக்கு என்ன அர்த்தம்? யார்? எந்த ஊர்? என்ன படிப்பு? அத்தானுக்கு இன்னும் காட்டவில்லை. உடனே எழுது.

அக்கா


பிராண்டே,
16 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். தொழிற்சாலையில் வேலை கூட. நாங்கள் சுகம், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று எனக்கு முதல் வேட்டை. காலை எட்டு மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்றோம். பிரெபென் விதிகளை வாசித்தார். கொம்பு ஊதினார்கள். கொம்பு என்றால் நம் கோயில் நாகஸ்வரம் அளவுக்கு நீளமில்லை, ஆனால் ஊதுகிறவரின் முகத்தில் அதே பாரம். எனக்குத் தொப்பியில் செருக ஒரு ஊசியிலைக் கொத்து தந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். இந்த நாட்டில் எனக்கு இவ்வளவு பொருந்திய உடை வேறில்லை.

மதியம் பட்டாணிச் சூப். பெரிய இரும்புப் பானையில், காட்டுக்குள்ளேயே விறகு வைத்துக் காய்ச்சினார்கள். எனக்காக இறைச்சி போடாமல் ஒரு சின்னப் பானை தனியே வைத்திருந்தார்கள். ஹோல்கர் முழங்காலோடு வந்து அதைக் கிண்டிக்கொண்டிருந்தார். மிளகு போதாது என்று சொன்னேன். போட்டார். இன்னும் போதாது என்றேன். பானைக்குள் பாதிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டு, “இப்ப எப்படி?” என்று கேட்டார். மற்றவர்களும் அதிலிருந்து வாங்கிக் குடித்துக் கண்ணீர் விட்டார்கள்.

நான் ஒரு முறை சுட்டேன். படவில்லை.

பின்னேரம் செத்த மிருகங்களை ஊசியிலைக் கிளைகளின் மேல் வரிசையாக, எல்லாம் வலப்பக்கம் சரிந்திருக்கக் கிடத்தினார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தனி ஊதல். அவற்றைத் தாண்டி ஒருவரும் கால் வைக்கக்கூடாது. சுற்றித்தான் நடக்கவேண்டும். எனக்கு அது பிடித்தது.

நிற்க, நேரமாகிறது.

தம்பி,
நித்தி


இஷொய்,
27 நவம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சூப்புக்கு ஏழு வரி எழுதியிருக்கிறாய். சுட்டதற்கு நாலு சொல்லில் ஒரு வசனமும் படாததற்கு ஒரு சொல்லும். பெரிய விசயத்தை நீ எப்போதும் ஒரு வரியில்தான் சொல்வாய். சுஜீதாவைக் கலியாணம் செய்யப் போவதையும், “ரயில் பிந்தி வந்தது, எனக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது, இங்கே மழை” என்று நடுவில்தான் சொன்னாய்.

யாருடைய மேலிலாவது பட்டுவிட்டதா? மனிதர் என்றால் செய்தியில் வந்திருக்கும். ஆகவே மனிதர் இல்லை.

சாரங்கியின் ஆளைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. டிசெம்பரில் நத்தார் லீவுக்கு நாங்கள் அங்கே வருகிறோம். நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


காட்டு வீடு,
8 டிசெம்பர் 2024

அன்பான அம்மா, அப்பாவுக்கு,

சாரங்கி எழுதுவது. சுகமாக இருக்கிறேன். தமிழ் எழுதிக் கனகாலம். பிழை இருந்தால் மன்னிக்கவும், அம்மா சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பவேண்டாம்.

நீங்கள் வர முன் ஒன்று சொல்லவேண்டும். என் வீட்டில் நாய் இருக்கிறது. பெயர் ஃபிரையா, மூன்று வயது, சிவந்த பழுப்பு நிறம், நீளக் காது. அம்மா பூசையறை உள்ள வீட்டில் நாய் கூடாது என்று சொன்னபடியால் சொல்லாமல் இருந்தேன். மாமா கண்டுவிட்டார், சொல்லமாட்டன் என்று சத்தியம் செய்தார். அம்மா போனில் “ஆள் யார்?” என்று கேட்டபோது நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது விளங்கும்.

ஃபிரையா வீட்டு நாய் இல்லை. வேட்டையில் காயப்பட்டு ஓடின மிருகத்தைத் தேடுகிற நாய். நானும் அவளும் இரண்டு வருடம் பயின்று பரீட்சை எழுதிப் பதிவுசெய்திருக்கிறோம். சம்பளம் இல்லை. ஒருவர் கூப்பிட்டால் போவோம். மிருகம் நோவோடு கிடக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

மற்றது மாமா எழுதியிருப்பார். அவர் சுட்ட மானை மறுநாள் நாங்கள்தான் கண்டெடுத்தோம். நீளமான தேடல். ஃபிரையாவுக்கு இதுவரை இதுதான் நல்ல வேலை.

நத்தாருக்கு வரும்போது பழைய கம்பளி ஒன்று கொண்டு வாருங்கள். அவளுக்கு.

அன்புடன்,
சாரங்கி


இஷொய்,
15 டிசெம்பர் 2024

நித்தியானந்தனுக்கு,

எங்களுக்குச் சுகம்தான். உனக்குச் சுகமாயிருக்கக் காரணம் இல்லை.

மகளிடமிருந்து கடிதம் வந்தது. “மாமா எழுதியிருப்பார்” என்கிறாள். மாமா படவில்லை என்று எழுதியிருந்தார்.

நாயை மறைத்தது மகள். மன்னிக்கலாம், என்னைத் தெரிந்தவள். நீ மறைத்தது எதை, யாரிடமிருந்து? என்னிடமிருந்து மட்டுமா, அந்த ஒன்பது பேரிடமிருந்துமா? இதற்குச் சூப் இல்லாமல் பதில் எழுது.

பவளராணி


பிராண்டே,
3 ஜனவரி 2025

அக்காவுக்கு,

புதுவருடத்தில் உங்கள் எல்லோருக்கும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். நத்தாருக்கு நீங்கள் வந்தபோது நான் காய்ச்சல் என்று சாரங்கி வீட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் இல்லை.

அன்று ஒரு ஆண் மான் மரவரிசைக்கு நடுவே வந்து நின்றது. இருபது மீற்றருக்கு அப்பால் நிற்கிறது என்று தெரியும். ஆனால் என்னைத் தவிர எல்லோரும் ஏதோ ஒன்று சுட்டுவிட்டார்கள். வாக்கெடுப்பை நினைத்தேன். சுட்டேன். மான் ஒரு துள்ளுத் துள்ளி ஓடியது. பிரெபென் கேட்டபோது, “படேல்லை” என்றேன். பட்டிருக்கலாம் என்றால், எத்தனை மீற்றர் என்று கேட்பார். வாக்கு அதோடு முடிந்துவிடும். அந்தச் செத்த மிருகங்களைச் சுற்றி மரியாதையாக நடந்தேன். வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சூப்பைப் பற்றி எழுதினேன்.

ஞாயிறு விடிந்ததும் தனியே போய்ப் பார்த்தேன். அது நின்ற இடத்தில் மயிரும் இரத்தமும். தேடுகிற நாய்க்காரரின் பட்டியல் போனில் இருந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை. கிட்ட இருந்த இலக்கம் ஒன்றை அழுத்தினேன். போனில் “சாரங்கி” என்று வந்தது. போன் பழுதாகிவிட்டது என்று வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் சாரங்கி.

அரை மணியில் வந்தாள். தேடலைப் பதிகிற தாளை எடுத்து, “எத்தனை மீற்றர்?” என்றாள்.

“இருபத்தைஞ்சு.”

பேனையை மூடினாள்.

“சரி, முப்பது.”

அளவுநாடாவை எடுத்துத் தானே அளந்தாள். முப்பத்தெட்டு.

“பிள்ளை, இது எங்கடை வீட்டுக்குள்ளை இருக்கட்டும். அந்தாக்களுக்குத் தெரிஞ்சால் எனக்கு இடம் இல்லை” என்றேன்.

“இஞ்சை மாமா எண்டு ஒருத்தரும் இல்லை. சுட்ட ஆள், தேடுற ஆள், நாய். மூண்டு பேர்தான் நிக்கிறம்.”

கோபம் வந்தால் டெனிஷில் கதைக்கிறவள், இதைத் தமிழில் சொன்னாள். எனக்கு விளங்காமல் போகக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும்.

அக்கா, அதற்குப் பிறகு அவள் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நாய் நீளக் கயிற்றில் முன்னே. இவள் சேற்றில் முழங்காலிட்டு, கடுகளவு இரத்தத் துளிக்குப் பக்கத்தில் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு பின்னே. நாய் பாதையைத் தவறவிட்ட இடத்தில் ஏசவில்லை. கடைசித் துணிக்கு அதைத் திரும்பக் கூட்டிவந்து, தோளில் தட்டிப் பொறுத்திருந்தாள். ஆயிரத்து நானூறு மீற்றர். இரண்டு மணி நேரம். இளமரங்களுக்குக் கீழே அது கிடந்தது, உயிரோடு. என்னை மறுபக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு அவளே அதை முடித்தாள். சத்தம் ஒன்றுதான். நான் போட்ட சத்தத்தைவிடச் சின்னது.

பிரெபெனுக்குப் போனில் சொல்கிறேன் என்றேன். நேரில் போகச் சொன்னாள். போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். “நாய் எவ்வளவு தூரம் போனது?” சொன்னேன். “யாருடைய நாய்?” என் அக்காவின் மகளுடையது என்றேன். முப்பத்தெட்டு மீற்றருக்கு அசையாத புருவம் அதற்கு அசைந்தது.

டிசெம்பர் வேட்டையில் எல்லோர் முன்னாலும் நின்று நானே சொன்னேன். துவக்கை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வாக்கெடுப்பு பெப்ரவரி 22. பெயரை எடுத்துவிடவா என்று கேட்டேன். “வேண்டாம், கையை எண்ணுவோம்” என்றார் பிரெபென்.

தம்பி,
நித்தி


இஷொய்,
12 ஜனவரி 2025

தம்பிக்கு,

சுகம். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

உனக்கு வாக்குக் கிடைக்காது. தெரிந்துகொண்டே போய் அந்தக் கதிரையில் இரு. சட்டை மினுக்கிப் போடு. சுஜீதா மினுக்கமாட்டாள், நீயே மினுக்கு.

கம்பளி கொண்டுபோனேன். நாய் அதன்மேல் படுக்கவில்லை, என் காலின்மேல் படுத்தது. பூசைக்கு முன் இரண்டு முறை குளித்தேன். பிறகு மறுபடி படுத்தது.

அக்கா


பிராண்டே,
23 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சுஜீதாவும் சுகம், சட்டையும் சுகம்.

கூட்டம் காட்டுக் குடிலில். மேசையில் மீன் வைத்த பாண், நடுவில் சின்னக் கொடி. முதலில் என் பெயர். ஏழு கைகள் எழும்பின. எழும்பாத இருவரில் ஒருவர் பிரெபென். அவர் என்னை நேரே பார்த்துத்தான் கையை மேசையில் வைத்திருந்தார். “சொல்ல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் எழும்பினேன்.

ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. “இடம் இன்னும் காலிதானே? எனக்கு ஒரு ஆளைத் தெரியும். அனுமதிப் பத்திரம் இருக்கு, காட்டுப் படிப்பு இருக்கு, நாய் இருக்கு. அளவுநாடாவும் இருக்கு. சொந்த மாமனுக்கே ஒரு மீற்றர் குறைச்சு எழுதாத ஆள்” என்றேன். என் டெனிஷ் இலக்கணம் அந்த நேரத்தில் எங்கே போனது தெரியாது. ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

 பிறகு பிரெபென் போனை மேசையில் வைத்து, எல்லோரும் கேட்கும்படி அவளை அழைத்து, வர விருப்பமா என்று கேட்டார். சாரங்கி நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: “நீங்கள் எல்லாரும் இருபது மீற்றருக்குள்ளேதானே சுடுகிறீர்கள்?”

ஒன்பது ஆண்கள் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் கொடியைத் திருத்தி வைத்தார். நான் மட்டும் தலை நிமிர்ந்து இருந்தேன். என் கணக்கு எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

“இனிமேல் ஓம்” என்றார் பிரெபென்.

ஒன்பது கை, அக்கா. நான் என் வாழ்க்கையில் முன்மொழிந்த எதுவும், எங்கள் வீட்டில்கூட, இப்படி நிறைவேறியதில்லை. இடம் நம் குடும்பத்துக்குத்தான். முதல் தமிழன் இல்லை, அவ்வளவுதான்.

ஒக்டோபரில் சுவீடனுக்கு அவள் போகிறாள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பிரெபென் என் தோளில் கை வைத்து, “நீயும் வா. மிருகம் கலைக்க ஆள் வேணும்” என்றார். துவக்கு இல்லாமல்.

வாறன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி,
நித்தி


இஷொய்,
3 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோருக்கும் சுகம், எனக்கு இரத்த அழுத்தம்கூடக் குறைந்திருக்கிறது. டொக்டர் காரணம் கேட்டார். தம்பி கடிதம் எழுதினான் என்றேன்.

அத்தான் உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் கோயில் நிர்வாகசபைக் கூட்டம். மண்டப மின்விளக்குப் பற்றிப் போய்க்கொண்டிருந்த கதையை நிறுத்தி, “என்ரை மகளை ஒன்பது டெனிஷ்காரர் ஏகமனதாத் தெரிவுசெய்திருக்கினம்” என்று அறிவித்திருக்கிறார். எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். “காட்டுக்கு” என்றாராம். அவர்களில் யாருக்கும் ஏகமனதாக எதுவும் நடந்து பழக்கமில்லாதபடியால் மேலே கேட்கவில்லை.

நான் இனி மரங்களுக்கு டொக்டர் என்று சொல்வதில்லை. அடிபட்டு ஓடின உயிரைத் தேடிப் போகிறவள் என்கிறேன். எல்லோருக்கும் விளங்குகிறது. அடித்தது யார் என்று கேட்கிறவர்களுக்கு, அதற்கு இந்த நாட்டில் ஆள் பஞ்சமில்லை என்று சொல்லிவிடுகிறேன். உன் பெயர் வராது.

அந்தக் கையைத் தூக்காத மனிதனில் எனக்குக் கோபம் இல்லை. நானும் தூக்கியிருக்கமாட்டேன். ஆனால் நீ எழும்பி அவள் பெயரைச் சொன்ன இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலால் கார்த்தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மிச்சம் வாசித்தேன்.

தாய்மாமன் செய்யவேண்டியதில் நீ ஒன்றும் குறை வைக்கவில்லை. சாமத்தியச் சடங்குக்கு வந்தாய், படிப்பு முடிந்ததற்கும் வந்தாய். அவள் துவக்கோடு நிற்க, நீ காட்டுக்குள்ளே கத்திக்கொண்டு வருவது எந்த முறையில் சேரும் என்று எனக்குத் தெரியாது. சேர்த்துக்கொள்வோம்.

நன்றாகக் கத்து. அவள் இருபது மீற்றருக்குள் வரும்வரை சுடமாட்டாள், நீ கிட்டக் கொண்டுவா.

உன் அக்கா,
பவளராணி